பெரியம்மாவோடு மதுரையில் புனித வாரம்

ஏப்ரல் 17, 2025, பெரிய வியாழன் – மதுரை

கோவில்பட்டி தாண்டியதும் பெரியம்மா பேச்சை நிறுத்திவிட்டார். வெளியே கரிசல் நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. சாத்தூர், விருதுநகர், திருமங்கலம் என்று ஊர்ப் பலகைகள் வரவர அவர் கையில் ஜெபமாலை வேகமாக உருண்டது. நான் ஒன்றும் கேட்கவில்லை. அண்ணனுக்கு விபத்து நடந்தது இந்த நாலுவழிச் சாலையில்தான்.

அண்ணன் என்றால் பெரியம்மாவின் மூத்த மகன். சிவில் எஞ்சினியர். மதுரையில் வேலை. போன வருடம் ஆடி மாதத்தில் ஒரு ராத்திரி, சைட்டிலிருந்து பைக்கில் திரும்பும்போது லாரி இடித்துவிட்டது. நான்கு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். முப்பத்தாறு வயது. அதற்கப்புறம் பெரியம்மா மதுரைப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. தவக்காலம் தொடங்கிய பிறகு அவரே ஒருநாள் போன் செய்தார். “ஏட்டி, புனித வாரத்துக்கு மதுரைக்குப் போவமா? இடைக்காட்டூர் கோயிலைக் காட்டித் தாரேன்னு அவன் சொல்லிக்கிட்டே இருந்தான். அப்புறம் அந்த ஆஸ்பத்திரியில ஒரு ஆயாம்மா இருந்துச்சே, அதையும் பாக்கணும்.”

எங்கள் வீடு சி.எஸ்.ஐ., அதாவது தென்னிந்தியத் திருச்சபை. பெரியம்மாவைக் கட்டிக்கொடுத்தது ஆர்.சி. என்கிற ரோமன் கத்தோலிக்கக் குடும்பத்தில். அவர்கள் வீட்டுக் குடில் பார்க்க நாங்கள் போவோம், எங்கள் சபை அசன விருந்துக்கு அவர்கள் வருவார்கள். மற்றபடி அவரவர் கோயில் அவரவருக்கு. ஒரு புனித வாரத்தை அவரோடு கோயிலில் கழித்தது இதுவரை இல்லை.

கீழவெளி வீதிக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜ். ஏ.சி. இல்லாத அறை 900 ரூபாய். மின்விசிறி மேலேயிருந்து சூட்டைத்தான் இறக்கிக்கொண்டிருந்தது. குளித்துவிட்டு ஐந்து மணிக்கே மரியன்னை பேராலயத்துக்குப் போய்விட்டோம். வியாகுல மாதாவின் பெயரில் உள்ள கோயில். துயரம் சுமந்தவளின் கோயில் என்பதால்தான் பெரியம்மா இதைத் தேர்ந்தெடுத்தாரோ என்னவோ. முகப்பில் யூபிலி ஆண்டுப் பதாகை தொங்கியது: ‘எதிர்நோக்கின் திருப்பயணிகள்’.

பூசையில் பாதம் கழுவும் சடங்கு. பன்னிரண்டு பேர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள், அவர்களில் பெண்களும் இருந்தார்கள். முன்பெல்லாம் ஆண்களுக்கு மட்டும்தான் கழுவுவார்களாம். 2016-ல் போப் பிரான்சிஸ் அந்த விதியை மாற்றினார் என்று பெரியம்மா காதோடு சொன்னார். கடைசி நாற்காலியில் ஒரு பாட்டி. குதிகால் முழுக்கப் பித்தவெடிப்பு, ஒரு விரலில் நகமே இல்லை. குருவானவர் குனிந்து தண்ணீர் ஊற்றியதும் பாட்டி கூச்சத்தில் காலை உள்ளே இழுத்துக்கொண்டார். அவர் விடவில்லை. காலைப் பிடித்து, வெடிப்பு வெடிப்பாகத் துடைத்து, முத்தமிட்டார். கொஞ்சம் தள்ளி உட்கார்ந்திருந்த எனக்குத் தொண்டை அடைத்தது.

இதைப் பார்க்கும்போது, சேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவியர் சபை இங்கே நடத்திய மதுரை மிஷனின் பழைய கதையை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1606-ல் இங்கே வந்த ராபர்ட் தே நொபிலி, நம் ஆட்களுக்குத் தத்துவ போதகர், காவி கட்டி, மரக்கறி உண்டு, தமிழும் சமஸ்கிருதமும் படித்து, இந்த ஊர்க்காரராகவே வாழப் பார்த்தவர். தமிழ் உரைநடைக்கு அவர் செய்தது பெரிய காரியம். ஆனால் அவர் காலத்திலேயே மேல்சாதியாருக்குச் சந்நியாசி, மற்றவர்களுக்கு 1640 முதல் பண்டாரசாமி என்று குருக்களே இரண்டு வரிசையாகப் பிரிந்தார்கள். தமிழ்நாட்டில் சில ஊர்களில் இன்னும் கல்லறைத் தோட்டம் சாதிக்கு ஒன்றாக இருக்கிறது. எங்கள் சபைகளிலும் தேர்தல் வந்தால் யார் எந்தச் சாதி என்று சந்து சந்தாகக் கணக்குப் பார்ப்பார்கள். உலகம் உடைந்து கிடக்கிறது என்று பிரசங்கத்தில் சொல்லுகிற நாம் அந்த உடைசலை நம் நடுவிலேயே வைத்துக்கொண்டிருக்கிறோம். பாட்டியின் காலைப் பார்த்தபோது, இந்த ஒரு சடங்கையாவது வருடம் தவறாமல் செய்கிறார்களே, இதிலிருந்து ஏதாவது முளைக்காதா என்று இருந்தது.

ராத்திரி ஒரு தெருவோர இட்லிக் கடை. பெரியம்மா தவக்காலம் முழுவதும் ஒருசந்தி, கவுச்சி தொடுவதில்லை. இட்லி ஒன்று 10 ரூபாய், நாலு வகைச் சட்னி. கடைக்கார அக்கா கேட்காமலேயே வெங்காயச் சட்னியை இரண்டாம் முறை ஊற்றிவிட்டு, “நல்லாச் சாப்பிடுங்கத்தா, மொகம் வாடியிருக்கு” என்றார். முன்பின் தெரியாதவரிடம் இப்படிப் பேசுவது மதுரைக்கே உரிய குணம். பெரியம்மா இன்னும் இரண்டு இட்லி வாங்கிக்கொண்டார்.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி – இடைக்காட்டூர்

மாட்டுத்தாவணியிலிருந்து மானாமதுரை போகும் பேருந்து. முத்தனேந்தலில் இறங்கும்போது என் செருப்பு வார் அறுந்தது. பெரிய வெள்ளியன்று பாதிக் கடை மூடியிருந்தது. பெட்டிக்கடை அண்ணன் ஒருவர் ஊக்கு எடுத்துக் குத்திக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. “கோயிலுக்குத்தானே போறீக? அங்க எப்படியும் கழட்டித்தான் போடணும்” என்றார்.

ஷேர் ஆட்டோவில் வைகையைத் தாண்டினோம். ஆறு என்று பெயர். கண்ணுக்கு எட்டிய வரை மணலும் சீமைக்கருவேலமும்தான். இடைக்காட்டூர் பெயரே இடைக்காடர் என்ற சித்தரோடு சேர்த்துச் சொல்லப்படுவது. பெரும் பஞ்சம் வரப்போவதை முன்பே அறிந்து, ஆடுகளுக்கு எருக்கிலை தின்னப் பழக்கி, மண்ணோடு வரகைக் குழைத்துச் சுவர் எழுப்பி வைத்து, அந்தப் பஞ்சத்தைத் தாண்டினார் என்று கதை. சிவகங்கைச் சீமையில் மழைக்காகக் காத்திருப்பது எவ்வளவு பழைய பழக்கம் என்பதற்கு அந்த ஒரு கதை போதும்.

பொட்டல் வெளியில் திடீரென்று அந்தத் திருஇருதய ஆண்டவர் கோயில். படம் பார்த்திருக்கிறேன்; நேரில் பார்த்தபோது பெரியம்மாவும் நானும் அப்படியே நின்றுவிட்டோம். கூர்கூரான வளைவுகள், செங்கல் நிறம், மேலே ஊசி ஊசியாகக் கோபுரங்கள். சுற்றி முள்ளும் ஆட்டுப் புழுக்கையும், நடுவில் இது.

வேப்பமரத்தடியில் உட்கார்ந்ததும் பெரியம்மா போனை எடுத்து அண்ணன் எப்போதோ அனுப்பியிருந்த வாய்ஸ் மெசேஜைப் போட்டார். அழிக்காமல் வைத்திருக்கிறார். இரைச்சலுக்கு நடுவில் அண்ணன் குரல்.

“எம்மா, நான் இடைக்காட்டூர்ல நிக்கேன். 1894-ல ஃபெர்டினாண்ட் செல்லேன்னு ஒரு பிரெஞ்சுச் சாமியார் கட்டினது. பிரான்ஸ்ல ரெய்ம்ஸ்னு ஒரு ஊரு, அங்க உள்ள பெரிய கோயில் மாதிரியே கட்டிருக்காரு. இருநூறு வகைச் செங்கல்லும்மா! ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி அச்சு. உள்ள போனா வெயிலே தெரியல. இன்னொண்ணு கேளு. இது கட்டி இருபது வருஷத்துல அங்க சண்டை வந்திருக்கு. 1914-ல ஜெர்மன்காரன் குண்டு போட்டு அந்த அசல் கோயில் தீப்பிடிச்சு, கூரையில இருந்த ஈயமெல்லாம் உருகி ஊத்திருக்கு. வாசல்ல சிரிச்ச முகமா ஒரு சம்மனசு, அதான் தேவதூதன், சிலை. அது தலை உடைஞ்சு விழுந்துட்டு. துண்டைப் பொறுக்கிப் பத்திரமா வச்சிருந்திருக்காங்க. 1926-ல திரும்பவும் ஒட்டி வச்சிட்டாங்க. இப்பவும் சிரிச்சிக்கிட்டுதான் நிக்குதாம். கோயிலை முழுசாச் சரிபண்ணித் திறக்க 1938 ஆயிட்டு. உன்னைக் கூட்டிட்டு வாரேன், என்ன?”

மெசேஜ் முடிந்தது. பெரியம்மா திரையைச் சேலைத் தலைப்பால் துடைத்து, பையில் வைத்துக்கொண்டார்.

அண்ணன் சொல்லாத ஒரு கதை எனக்குத் தெரியும். 1773-ல் போப் 14-ஆம் கிளமெந்து சேசு சபையையே கலைத்துவிட்டார். தத்துவ போதகர், அவருக்குப் பின் வந்த அருளானந்தர் என்கிற ஜான் தே பிரிட்டோ எல்லாம் உயிரைக் கொடுத்து வளர்த்த மதுரை மிஷன் கைவிட்டுப் போயிற்று. 1814-ல் சபை திரும்ப வந்தது. 1830-களின் கடைசியில் பிரெஞ்சுச் சேசு சபையார் மதுரைக்கு வந்து விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்கள். வந்த புதிதில் பல இளம் சாமியார்கள் காலராவில் செத்துப்போனார்கள். அடுத்தவர்கள் கப்பல் ஏறினார்கள். அந்த வரிசையில் வந்தவர்தான் இந்தப் பொட்டலில் இருநூறு வகை அச்சு செய்து செங்கல் அறுத்தவர். இங்கே கோயில் கட்டுவதால் என்ன லாபம் என்று கணக்குப் பார்த்திருந்தால் ஒரு கல்கூட எழும்பியிருக்காது.

உள்ளே சுரூபங்கள், அதாவது சிலைகள், எல்லாம் ஊதாத் துணியால் மூடியிருந்தன. இத்தனை அழகான கோயில், வருடத்தில் இந்த நாளில் தன் அழகை மூடிக்கொள்கிறது. பீடத்தில் ஒன்றும் இல்லை. மெழுகுவர்த்தி இல்லை, மணி இல்லை. எங்கள் சபையில் பெரிய வெள்ளிக்கு ஏழு வார்த்தைகள், ஏழு பிரசங்கம், மூன்று மணி நேர ஆராதனை. இங்கே பேச்சு குறைவு. வரிசையில் போய்ச் சிலுவையை முத்தமிடுகிறார்கள், அவ்வளவுதான். பெரியம்மா முத்தமிட்டபோது ஆணி இருந்த இடத்தில் நெற்றியை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றார். பின்னால் இருந்தவர்கள் யாரும் முண்டவில்லை.

அப்புறம் கஞ்சி ஊற்றினார்கள். பச்சரிசிக் கஞ்சி, தேங்காய்த் துவையல், ஆளுக்கு ஒரு மாங்காய்க் கீற்று. வெயிலில் வெறுங்காலோடு சிலுவைப்பாதை நடந்துவந்த கூட்டம் மண்ணிலேயே உட்கார்ந்து குடித்தது. எங்கள் பக்கத்தில் ஒரு வயதான சிஸ்டர் வந்து அமர்ந்தார், மானாமதுரைப் பக்கத்துக்காரர். பெரியம்மா அவரிடம் மகனைப் பற்றிச் சொன்னார். சொல்லி முடித்துவிட்டுக் கேட்டார்:

“சிஸ்டர், ஒண்ணு கேக்கட்டா? தலையில இந்தக் காதுல இருந்து அந்தக் காது வரைக்கும் தையல் போட்டிருந்தாங்க. கடைசி நாள்ல எல்லாரும் எந்திரிப்போம்னு சொல்லுதோமே, அப்ப அந்தத் தையலோடயா எந்திரிப்பான்?”

சிஸ்டர் உடனே பதில் சொல்லவில்லை. கையிலிருந்த கஞ்சியைக் கீழே வைத்தார்.

“தெரியலம்மா. பாத்துட்டு வந்து யாரும் சொல்லலையே. ஆனா ஆண்டவர் உயிர்த்தப்ப அவருக்குக் காயம் இருந்துச்சு. தோமாவைக் கூப்பிட்டு, இங்க விரலை வையின்னு சொன்னாரு. தழும்பு இருந்துச்சு, வலி இல்ல. எனக்குத் தெரிஞ்சது அம்புட்டுத்தான்.”

பெரியம்மா வெகுநேரம் மணலைக் கிளறிக்கொண்டிருந்தார். “வலி இல்லேன்னா சரி. தையல் இருந்துட்டுப் போகட்டும். நான் அடையாளம் கண்டுக்கிடுவேன்.”

துக்க வீட்டில் எத்தனையோ பேர் எத்தனையோ ஆறுதல் சொன்னார்கள். ‘நல்லவங்களைக் கடவுள் சீக்கிரம் கூப்பிட்டுக்கிடுவார்’, ‘எல்லாம் நன்மைக்கே’. அந்த வார்த்தைகளை அன்றைக்கே என்னால் தாங்க முடியவில்லை. இப்போது காரணம் தெளிவாகத் தெரிகிறது. சாவை நல்லது என்று வேதம் எங்கும் சொல்லவில்லை. பவுல் அதைக் கடைசிச் சத்துரு என்கிறார். லாசருவை எழுப்பப் போகிறோம் என்று தெரிந்தும் இயேசு கல்லறைக்கு முன்னால் கண்ணீர் விட்டார். படைப்பு முழுவதும் வேதனைப்படுகிறது என்று ரோமர் எட்டாம் அதிகாரம் மறைக்காமல் சொல்கிறது. ஆனால் அதைப் பிரசவ வேதனை என்கிறது. நடந்ததை நடக்கவில்லை என்று சொல்லாமல், தையலைத் தையல் என்றே சொல்லிக்கொண்டு காத்திருக்கலாம். சிஸ்டர் அதற்குத்தான் இடம் கொடுத்தார்.

ஏப்ரல் 19, சனி – மானாமதுரை, மறுபடி மதுரை

நேற்று அந்த சிஸ்டர் தங்கள் மடத்தில் எங்களைத் தங்க வைத்துவிட்டார். பாய், தலையணை, கொசுவத்தி. காலையில் காப்பி. கொடுத்த பணத்தைக் கோயில் உண்டியலில் போடச் சொன்னார்.

மானாமதுரை அங்கிருந்து பக்கம்தான். குயவர் தெருவில் கடம் செய்வதைப் பார்க்கப் போனோம். கச்சேரிக்காரர்கள் தேடி வருகிற மானாமதுரைக் கடம். பெரியவர் ஒருவர் பானைக்குள் ஒரு கையை விட்டு உள்ளிருந்து தாங்கிக்கொண்டு, வெளியே மரப்பலகையால் தட்டிக்கொண்டே இருந்தார். அந்தத் தட்டலில்தான் சுவர் ஒரே கனமாக வருமாம். ஒரு இடத்தில் கனம் மாறினாலும் நாதம் போய்விடும். பேச்சு கொடுத்துக்கொண்டே தட்டினார், கை தாளம் தப்பவில்லை.

எரேமியா குயவன் வீட்டுக்குப் போன கதையை ஞாயிறு பள்ளியிலிருந்து கேட்டு வளர்ந்தவள் நான். கெட்டுப்போன மண்ணைக் குயவன் வேறு பாண்டமாக வனைவான். மூலையில் கிடந்த விரிசல் விட்ட கடத்தைக் காட்டி, “இதைத் திரும்பச் செய்யலாமாய்யா?” என்று கேட்டேன்.

“பச்சை மண்ணா இருந்தா கரைச்சிப் பெசைஞ்சிரலாம் தாயி. இது வெந்துருச்சு. வெந்த மண்ணு திரும்ப மண்ணாகாது.”

எரேமியாவிலும் அடுத்த அதிகாரத்தில் அதுதான் வருகிறது. சுட்ட கலசத்தை உடைத்து, இதை இனிமேல் செப்பனிட முடியாது என்கிறார் தீர்க்கதரிசி. ஞாயிறு பள்ளியில் பதினெட்டாம் அதிகாரத்தோடு நிறுத்திவிடுவார்கள். பத்தொன்பதையும் சேர்த்தே படிக்கவேண்டும் என்று தோன்றியது. சில உடைசல்கள் மனிதக் கையால் சரியாவதில்லை. அங்கே திறமையும் முயற்சியும் நல்ல எண்ணமும் போதாது. கல்லறையைத் திறக்கிற கை வேண்டும். கிறிஸ்தவர்களாகிய நாங்கள் நம்புவது அந்த ஒன்றைத்தான். அது இல்லையென்றால் எங்கள் மற்ற எல்லாப் பேச்சும் வீண்.

பெரியம்மா சின்னத் தண்ணீர்க் கூஜா ஒன்று வாங்கினார். 150 ரூபாய். பேரம் பேசவில்லை, அதுவே எனக்கு ஆச்சரியம்.

திரும்பும் வழியில் பேருந்து சூடேறி நடுவழியில் நின்றுவிட்டது. முக்கால் மணி நேரம் புளியமரத்தடியில். வெள்ளரிப்பிஞ்சு விற்ற பெண் கூடையை இறக்கி வைத்து, உப்பும் மிளகாய்ப்பொடியும் தடவித் தடவிக் கொடுத்தார். மூன்று பிஞ்சு 20 ரூபாய். கைக்குழந்தைக்காரிக்கு மட்டும் சும்மா கொடுத்தார். ஓட்டுநர் குடத்தோடு கிணறு தேடிப் போனார்.

இரவு பதினொரு மணிக்குப் பேராலயத்தில் பாஸ்கா திருவிழிப்பு, ஈஸ்டருக்கு முந்தைய இரவு வழிபாடு. விளக்கெல்லாம் அணைத்துவிட்டார்கள். வெளியே மூட்டிய தீயை மந்திரித்து, ஆள் உயரப் பாஸ்கா திரியைக் கொண்டுவந்தார்கள். நான் முன்வரிசையில் நின்றதால் எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. திரியில் ஒரு சிலுவை, நான்கு மூலையிலும் 2025-இன் நான்கு எண்கள். அப்புறம் குருவானவர் அந்தச் சிலுவையில் ஐந்து சாம்பிராணி மணிகளை ஒவ்வொன்றாகக் குத்தினார். ஐந்து காயம். காயத்தைக் குத்தி முடித்த பிறகுதான் திரியை ஏற்றுகிறார்கள்.

பெரியம்மா என் கையை அழுத்தினார். “பாத்தியாட்டி? அந்த சிஸ்டர் சொன்னது சரிதான்.”

அந்த ஒரு திரியிலிருந்து அடுத்த திரி, அதிலிருந்து அடுத்தது. எனக்குத் தீ கொடுத்தது காலேஜ் படிக்கிற பையன் ஒருவன். தன் திரி காற்றில் அணைந்துவிடாமல் உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு நீட்டினான். நான் பெரியம்மாவுக்குக் கொடுத்தேன். உன்னதங்களிலே கீதம் தொடங்கியதும் மணி, வெடிச்சத்தம், எல்லா விளக்கும் ஒரே நேரத்தில். சுற்றிலும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிக்கிறார்கள். பெரியம்மா வாய்விட்டு அழுதார், பாடிக்கொண்டே அழுதார். ஆடி மாதத்திலிருந்து அவர் பாடி நான் கேட்கவில்லை.

ஏப்ரல் 20, ஈஸ்டர் ஞாயிறு – மதுரை

விடியற்காலை ஆராதனைக்கு எங்கள் சபைக் கோயில் ஒன்றுக்குப் போக நினைத்தேன். படுக்கவே இரண்டு மணி ஆகிவிட்டதால் எட்டு மணி ஆராதனைக்குத்தான் போக முடிந்தது. பெரியம்மாவும் கூட வந்தார். பாமாலைப் புத்தகத்தை வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தெரியாத ராகத்தையும் விடாமல் பாடினார்.

நோன்பு முடிந்தது. மதியம் கறி தோசை. தடித்த தோசை மேல் கொத்துக்கறியைப் பரப்பி, முட்டை ஊற்றி வேகவைத்து, கறிக்குழம்போடு. ஒன்று 220 ரூபாய். பெரியம்மா பாதியை எனக்குத் தள்ளுவார் என்று நினைத்தேன், முழுவதையும் சாப்பிட்டார். மேலே ஒரு ஜிகர்தண்டா, 50 ரூபாய். நிழலில் நின்றாலும் அனல் அடிக்கிற மத்தியானத்தில் அந்தக் கடற்பாசியும் சர்க்கரைப் பாலும் தொண்டைக்குள் இறங்குவது பெரிய உபகாரம்.

மூன்று மணிக்கு ஆஸ்பத்திரி. கேட்டுக்கு வெளியே பெரியம்மா கொஞ்ச நேரம் நின்றார். பையில் ஒரு சுங்குடிச் சேலை, ஊரிலிருந்து செய்து கொண்டுவந்த முந்திரிக்கொத்து, அச்சுமுறுக்கு. அந்த ஆயாம்மாவின் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது. நெற்றியில் பட்டையாகத் திருநீறு, கட்டையான உருவம், இடது கையில் பச்சை குத்தியிருக்கும். அவ்வளவுதான் அடையாளம். வாட்ச்மேனிடம் சொன்னோம். யார் யாரையோ கேட்டு, கடைசியில் லிஃப்ட் பக்கத்துப் படிக்கட்டில் கண்டுபிடித்தோம். தூக்குச்சட்டியில் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

பெரியம்மாவைப் பார்த்து அவருக்கு அடையாளம் தெரியவில்லை. பெரியம்மா சொன்னார்: ஆடி மாசம், தலையில அடி, மூணாம் மாடி. ஆயாம்மா சங்கடத்தோடு தலையசைத்தார். “தினம் பாக்குறேன்த்தா. எத்தனையோ பிள்ளைக.”

எனக்கு நெஞ்சு கனத்துவிட்டது. இதற்காகத்தானே இவ்வளவு தூரம். பெரியம்மா அசரவில்லை. “கடைசி அன்னைக்கு நீங்கதான் அவன் முகத்தைத் துடைச்சி விட்டீங்க. தலையில ரத்தம் காஞ்சிருந்தது. வெந்நி கொண்டாந்து துடைச்சீங்க. பிள்ளையை அழுக்கா அனுப்பக்கூடாதுன்னு சொன்னீங்க.”

ஆயாம்மா கையிலிருந்த உருண்டையை அப்படியே வைத்துவிட்டார். “செவப்பு பிளாஸ்க்கு வச்சிருந்தீகளே, அந்த அம்மாவா? வெந்நி உங்க பிளாஸ்க்குல இருந்துதானே எடுத்தேன்?”

அந்தச் சிவப்பு பிளாஸ்க் இப்போதும் பெரியம்மா வீட்டு அலமாரியில் இருக்கிறது.

இரண்டு பேரும் படிக்கட்டிலேயே உட்கார்ந்து பேசினார்கள். சேலையை வாங்க மாட்டேன் என்றார், கண்காணிப்பாளர் பார்த்தால் வம்பு என்றார், அப்புறம் தூக்குச்சட்டிப் பையில் வைத்துக்கொண்டார். “இன்னைக்கு உங்க பண்டிகையாமே. செத்தவரு எந்திரிச்ச நாளுன்னு நர்ஸம்மா சொல்லுச்சு” என்றார். பெரியம்மா ஆமாம் என்றார், வேறு விளக்கம் எதுவும் சொல்லவில்லை. ஆயாம்மா அண்ணனின் பெயரைக் கேட்டார். பெரியம்மா சொன்னார். ஆயாம்மா அந்தப் பெயரை இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். அதற்குள் மேலிருந்து யாரோ கூப்பிட, துடைப்பத்தை எடுத்துக்கொண்டு படியேறிவிட்டார்.

இந்த ஆஸ்பத்திரியைப் பெரியம்மா இத்தனை மாதமும் சாவு நடந்த இடமாகத்தான் மனதில் வைத்திருந்தார். அது பொய்யும் இல்லை. ஆனால் அதே கட்டடத்தில், மாதச் சம்பளத்துக்கு வேலை பார்க்கிற ஒருவர், திரும்ப எதுவும் கிடைக்காது என்று தெரிந்தே, கண் திறக்காத ஒரு பிள்ளைக்கு வெந்நீரில் முகம் துடைத்துவிட்டார். அதுவும் நடந்தது. இந்த உலகத்தைப் பற்றி நான் என்ன நினைத்தாலும் இந்த இரண்டையும் சேர்த்துத்தான் நினைக்கவேண்டும். கடவுள் இதை விட்டுவிடவில்லை என்று நான் நம்புகிறேன். இதைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறொன்று செய்யப் போகிறார் என்று அல்ல. இதையேதான் புதிதாக்குவார் என்று.

ஏப்ரல் 21, திங்கள் – திரும்பும் வழி

காலையில் மாட்டுத்தாவணிப் பூமார்க்கெட். மல்லி கிலோ 400 என்றார்கள். அண்ணன் கல்லறைக்கு என்று பெரியம்மா அரைக்கிலோ வாங்கி, ஈரத்துணியில் சுற்றி, கூஜாவைப் போலவே மடியில் வைத்துக்கொண்டார். யாருக்கு என்று கேட்டுத் தெரிந்துகொண்ட வியாபாரி மேலே ஒரு கை அள்ளிப் போட்டார்.

சாத்தூரில் வண்டி சாப்பாட்டுக்கு நின்றபோது போன் அடித்தது. மருமகள். போப் பிரான்சிஸ் இறந்துவிட்டார் என்று டி.வி.யில் சொல்கிறார்களாம். பெரியம்மா முதலில் நம்பவில்லை. “நேத்துத்தானே மாடத்துல வந்து வாழ்த்து சொன்னாரு!” உண்மைதான். ஈஸ்டர் அன்று குரல் எழும்பாமல் வாழ்த்துச் சொல்லி, வண்டியில் ஏறிக் கூட்டத்துக்கு நடுவே சுற்றி வந்தவர், மறுநாள் காலையில் போய்விட்டார். 88 வயது. எதிர்நோக்கின் ஆண்டு என்று யூபிலியை அறிவித்தவர் அந்த ஆண்டு முடியும் வரை இருக்கவில்லை.

பின் இருக்கையில் இருந்த ஒரு முஸ்லிம் பெரியவர், “உங்க பெரிய சாமியாரா தவறிட்டாரு? ஏழைங்களுக்காகப் பேசினவரு இல்லையா” என்று கேட்டுத் தன் தண்ணீர்ப் பாட்டிலை நீட்டினார். பெரியம்மா குடித்துவிட்டு, அவருக்கு முந்திரிக்கொத்துப் பொட்டலம் ஒன்றைக் கொடுத்தார். அப்புறம் திருநெல்வேலி வரும் வரை இருவரும் முட்டி வலிக்கு எந்தத் தைலம் நல்லது என்று பேசிக்கொண்டு வந்தார்கள். நாலுவழிச் சாலையில் அந்த இடம் எப்போது கடந்தது என்று நான் கவனிக்கவில்லை. பெரியம்மாவும் கவனித்ததாகத் தெரியவில்லை.

ஊரில் இறங்கியபோது மாதா கோயிலில் துக்கமணி அடித்துக்கொண்டிருந்தது. பெரியம்மா கூஜாவையும் பையையும் என் கையில் கொடுத்துவிட்டு, மல்லிப்பூப் பொட்டலத்தை மட்டும் எடுத்துக்கொண்டார். “ஏட்டி, சாயங்காலம் போப்பாண்டவருக்குப் பூசை வச்சிருப்பாங்க. கல்லறைக்குப் போயிட்டு அப்படியே கோயிலுக்குப் போயிருதேன். நீ போய் உலையை வை, ரெண்டு பேருக்கும் பசிக்கும்.”